மரத்தைப் பார்த்துச் சொன்ன ஆட்டம்

என் பெயர் கன்னியப்பன். புனல் கன்னியப்பன் என்றால்தான் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பழைய ஆட்களுக்குத் தெரியும். சடுகுடு நடக்கிற இடத்தில் மாட்டு வண்டியின் மேல் நின்றுகொண்டு, பின்னால் நிற்கிறவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்வது என் தொழில். மண்டியில் மூட்டை தூக்கியதெல்லாம் வயிற்றுக்காக. தொழில் என்று நான் சொல்வது இதைத்தான். இந்தப் பக்கத்தில் எனக்கு முன்னால் இதைச் செய்தவன் கிடையாது. எனக்குப் பின்னால் செய்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் செய்தவர்கள். பெருமை அடித்துக்கொள்கிறான் கிழவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

போன மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போட்டி நடத்தினார்கள். இப்போது கபடி என்கிறார்கள், ஆட்டம் அதேதான். நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி. ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மைக்கைக் கடித்துத் தின்றுவிடுவதுபோல வாயருகே பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசினான். பாடிப் போகிறவன் மூச்சு விட்டானா இல்லையா என்பது நடுவருக்கே கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவனே என்னிடம் வந்து, "பெரியவரே, மைக் இல்லாத காலத்துல நீங்க எப்படிச் சொன்னீங்க? விழா மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றான்.

நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவன் அல்ல. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டைகளின் மேல் மையால் போட்டிருக்கும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் கூட்டப் பழகியவன். அதனால் என் எழுத்தும் மூட்டை எழுத்து மாதிரிப் பெரிதாக இருக்கும். இரண்டு பக்கத்தில் அடங்காது. தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திண்டிவனத்தில் வரதப்பர் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். எடை போடும்போது எண்ணிக்கையைக் கூவுகிறவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது. முதலாளி என்னைக் கூவச் சொன்னார். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லக்கூடாது, "லாபம்" என்று சொல்ல வேண்டும். "லாபம்!" என்றேன். தெருக்கோடியில் நின்ற ஒரு வண்டியின் மாடுகள் மிரண்டு ஓடின. அன்றிலிருந்து கூவுகிற வேலை எனக்கே வந்தது. என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான்.

முதலாளி வரதப்பரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதட்ட மாட்டார், கை ஓங்க மாட்டார். எந்த வழக்கு வந்தாலும் இடுப்பிலிருந்து பொடி டப்பாவை எடுப்பார். மூடியை இரண்டு தட்டுத் தட்டுவார். ஒரு சிட்டிகை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். அங்கேயே கை நின்றுவிடும். மனசுக்குள் தீர்ப்பு முடிகிறவரை பொடி மூக்குக்குள் போகாது. அதுவரை எதிரில் நிற்கிறவன் வாய் திறக்கக்கூடாது. பொடியை இழுத்துத் தும்மிவிட்டாரானால் முடிந்தது; ஆண்டவனே வந்தாலும் தீர்ப்பு மாறாது. கிணற்றுத் தண்ணீர் முறைக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தபோது, காற்றடித்து விரலில் இருந்த பொடி முழுக்கப் பறந்தே போயிற்று. முதலாளி புதிதாக ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார். தீர்ப்பை மட்டும் அப்போதும் எடுக்கவில்லை. மண்டியில் நாங்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டோம், விரலைத்தான் பார்ப்போம்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் சடுகுடு. பங்குனியில் மல்லாட்டை பிடுங்கி முடித்ததும், அவருடைய கொல்லையிலேயே ஆட்டம். மண் பொலபொலவென்று இருக்கும், விழுந்தால் அடிபடாது. மூன்று பக்கம் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான்காவது பக்கம் குடியானவர்களின் வண்டிகள். மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டிகளை வரிசையாக நிறுத்தி, குடும்பத்தோடு அவற்றின் மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் சேரி ஜனங்கள் அந்த வண்டி வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரிந்த சடுகுடு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே ஓடுகிற கால்கள்தான். எங்களுக்கும் பின்னால், புறம்போக்கில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. எங்கள் ஆட்களில் ஏறத் தெரிந்தவர்கள் அதில் ஏறிக்கொள்வார்கள். புறம்போக்கு மரம் என்பதால் யாரும் இறங்கச் சொல்ல முடியாது.

நான் நல்ல உயரம். எட்டிப் பார்த்தால் வண்டிக்கு மேலாகக் கொஞ்சம் தெரியும். பார்த்ததைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் என்றால் என் குரலுக்கு எது பக்கம்? சேரி முழுக்கக் கேட்கும். முன்னால் இருப்பவர்கள் கை தட்டி முடித்த பிறகு பின்னாலிருந்து எங்கள் கை தட்டல் கிளம்பும். முதலாளி நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்து, "அங்க என்னடா, ரெண்டாவதா ஒரு ஆட்டம் நடக்குது?" என்று கேட்டார்.

"நம்ம கன்னியப்பன்தாங்க. ஆட்டத்தைச் சொல்லிக்கினு இருக்கறான்" என்றார் மண்டி ஆள் ஒருவர்.

"சொல்றவன் கீழ நின்னுக்கினு எப்படிடா சொல்றது? வண்டில ஏறச் சொல்லு."

எனக்கு முன்னால் நின்ற வண்டியின் சொந்தக்காரர் எழுந்துவிட்டார். "அவன் ஏறினா நான் வண்டியைக் கழுவணுமே முதலாளி!"

முதலாளி டப்பாவை எடுத்தார். இரண்டு தட்டு. சிட்டிகை. எல்லாரும் விரலைப் பார்த்தோம். இழுத்தார், தும்மினார். "கழுவிக்க. கெணறு என்னுது" என்றார்.

ஏறினேன். முதல் முறையாக ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்த்தேன். அதுவரை கால்கள்தானே!

செக்கிலிருந்து எண்ணெய் ஊற்றுகிற பெரிய தகரப் புனல் ஒன்றை முதலாளி கொடுத்தார். சின்ன வாயில் உதட்டை வைத்துக் கத்தினால் குரல் கொல்லை தாண்டிப் போகும். உதடெல்லாம் மல்லாட்டை எண்ணெய் வாசனை அடிக்கும். புனல் கன்னியப்பன் ஆனது அப்படித்தான்.

ஆனால் முதல் நாளே ஒரு பேஜாரு. சடுகுடுவில் பாடிப் போகிறவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பாட்டு நின்றால் அவன் அவுட். நான் புனலில் கத்திக்கொண்டே இருந்தால் அவன் பாட்டு நடுவர் காதில் எப்படி விழும்? நடுவர் ஒரு டிரில் வாத்தியார். விசிலை எறிந்துவிட்டு, "இவன் பாடுறானா, அவன் பாடுறானா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே வழி கண்டுபிடித்தேன்.

இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன். பாட்டு நடக்கும்போது வாயைத் திறப்பதில்லை, துண்டுதான் பேசும். பாடுகிறவன் எந்தப் பக்கம் போகிறானோ அந்தப் பக்கம் துண்டு நீளும். யாரையாவது தொட்டுவிட்டால் தலைக்கு மேலே ஒரு சுற்று. எதிராளி பின்பக்கமாகப் பதுங்கி வந்தால் துண்டை முறுக்கிக் காட்டுவேன். பிடித்துவிட்டால் துண்டு தரையைப் பார்த்துத் தொங்கும். பாட்டு முடிந்த பிறகுதான் புனல்: யார், எப்படி, எவ்வளவு அழகு என்பதெல்லாம் அதில். இரண்டே ஆட்டத்தில் எங்கள் ஜனங்கள் துண்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பெரிய வீட்டுக்காரர்களுக்கு எதிரே நாங்கள் தோளில் துண்டு போடக்கூடாத காலம் அது. தோளில் போடாதே என்றார்கள். தலைக்கு மேலே சுற்றாதே என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கேட்டவர்களிடம், "ஆட்டத்துக்குங்க" என்றேன்.

வல்லம், ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஆட்டத்தைப் பார்க்கவா, துண்டைப் பார்க்கவா என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி அந்தப் பெரிய ஆட்டம். உலகச் சண்டை நடந்த காலம் அது. திண்டிவனம் செட்டுக்கும் விழுப்புரம் செட்டுக்கும் கடைசிப் போட்டி. விழுப்புரத்துத் தலைவன் கோபால். ரயிலடிப் பக்கத்தில் வளர்ந்தவன், கட்டை ஆள், வாய் கூர்மை. எங்கள் திண்டிவனம் செட்டில் தனகோட்டி என்று ஒருவன். பாடிப் போனால் பாம்புதான். அன்றைக்கு அவனைப் பின்பக்கமாகப் பிடிக்க வந்தவர்களில் ஒருவர்கூடப் பிடிக்கவில்லை. முதுகில் கண் இருப்பதுபோலத் திரும்பித் திரும்பித் தப்பித்தான். ஆட்டம் பாதி போயிருக்கும்; கோபால் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"நாங்க ஆடல! அந்த வண்டி மேல நிக்கறவன் துண்டை முறுக்கறான், இவன் அதைப் பாத்துக்கினு ஓடறான். இது ஆட்டமா, தந்தி ஆபீஸா?"

தனகோட்டி தலையைக் குனிந்துகொண்டான். அவன் பார்த்தது நிஜம். நான் காட்டியதும் நிஜம். ஆனால் நான் காட்டியது அவனுக்கு இல்லை.

"எறக்குங்க அவனை!" என்று விழுப்புரத்துக்காரர்கள் கத்தினார்கள். இதற்காகவே காத்திருந்த எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். "முன்னாடியே சொன்னோமே முதலாளி, இவனை மேல ஏத்தாதீங்கன்னு!"

வண்டிக்குப் பின்னாலிருந்து அஞ்சலை கத்தினாள். கதிர் அறுக்கிறவள், நாக்கும் அரிவாள்தான். "எங்க எல்லாருக்கும் இருக்கறது ஒரே கண்ணு. அது அந்த வண்டி மேல நிக்குது. அதைப் புடுங்கிட்டுத்தான் ஆடுவீங்களா?"

முதலாளி டப்பாவை எடுத்தார். இரண்டு தட்டு. சிட்டிகை மூக்கருகே போய் நின்றது. எனக்குத் தெரியும், பொடி உள்ளே போனால் நான் கீழே. மறுபடியும் ஆரக்கால்களுக்கு நடுவே கால்களைப் பார்க்க வேண்டும். நான் மட்டுமா, எனக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும். அவர் விரல் நிற்கும்போது யாரும் பேசக்கூடாது என்று சொன்னேன் அல்லவா? நான் பேசினேன். மண்டியில் அதுவரை யாரும் செய்யாத காரியம்.

"முதலாளி, நான் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கினு நிக்கறேங்க. துண்டை என் நெஞ்சுக்கு முன்னாடியே வெச்சிக்கறேன். எங்க ஜனங்களுக்கு மட்டுந்தான் தெரியும். ஆட்டக்காரனுக்குத் தெரியாது."

கோபால் விழுந்து விழுந்து சிரித்தான். "பாக்காமயே சொல்லுவியா? முதுகுல ஜன்னல் வெச்சிருக்கறியா?"

முதலாளி கையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. பொடியையும் இழுக்கவில்லை. "முடியுமாடா?"

"முடியுங்க."

"ஒரு தப்பு சொன்னாலும் நீயே எறங்கிடணும். அப்புறம் எந்த ஆட்டத்துக்கும் ஏறக்கூடாது."

"சரிங்க."

சிட்டிகையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

திரும்பி நின்றேன். எதிரே எங்கள் ஜனங்கள், அவர்களுக்குப் பின்னால் புளியமரம். இத்தனை வருஷம் இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நான் ஆட்டத்தைக் கேட்டுச் சொன்னேன் என்று ஊர் நம்பியது. சாமி வந்தது என்றுகூடச் சொன்னார்கள். காதும் இல்லை, சாமியும் இல்லை. மரத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

மரத்தில் குப்பன், முனியன், ஏழுமலை என்று எங்கள் மண்டி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஆட்டம் தெரிந்தது. எனக்கு அவர்கள் தெரிந்தார்கள். தினமும் ஒரே மூட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குகிறவர்களின் உடம்பு எப்போது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? பாடுகிறவன் எந்தப் பக்கம் போகிறானோ அந்தப் பக்கம் மரம் முழுக்கச் சாயும். மரம் சாய்ந்த பக்கம் என் கை நீண்டது. யாராவது தொடப்பட்டால் குப்பனின் தொங்குகிற கால் உதைக்கும். பின்னால் ஆள் பதுங்கினால் முனியன் வாயைத் திறப்பான், அவனுக்கே தெரியாது. ஏழுமலை பயந்தவன். இரண்டு பேர் கட்டிப் புரள ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வான், முடிவு தெரிந்த பிறகுதான் திறப்பான். எங்கள் திண்டிவனம் ஜெயித்தால் எல்லாரும் சேர்ந்து கிளையை உலுக்குவார்கள். கீழே நிற்கிறவர்கள் தலையில் புளியம்பழம் கொட்டும்.

முதல் பாட்டைச் சரியாகச் சொன்னேன். கோபால் சிரிப்பதை நிறுத்தினான். இரண்டாவதைச் சொன்னேன். முன்பக்கத்து ஆட்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு என் முதுகைப் பார்க்க ஆரம்பித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தனகோட்டியும் பார்த்திருப்பான். பார்த்து என்ன? துண்டு என் நெஞ்சுக்கு முன்னால். அடுத்த முறை அவன் போனபோது, பின்னால் வந்தவன் அழகாகக் கணுக்காலைப் பிடித்துவிட்டான். துண்டைத் தொங்கவிட்டேன். எங்கள் ஜனங்கள் "அடடா!" என்றார்கள்.

ஆட்டம் சமமாக வந்து நின்றது. கடைசிப் பாட்டு. கோபாலே பாடிக்கொண்டு வந்தான். தொட்டுத் திரும்பினால் விழுப்புரம். பிடித்துவிட்டால் திண்டிவனம்.

மரம் இடது பக்கம் சாய்ந்தது. கை நீட்டினேன். குப்பன் கால் உதைத்தது, தொட்டுவிட்டான். தலைக்கு மேலே சுற்ற முடியாதே, நெஞ்சுக்கு முன்னாலேயே ஒரு சின்னச் சுற்று. உடனே ஏழுமலை கண்ணை மூடினான். கட்டிப் புரள்கிறார்கள்! என் முதுகுக்குப் பின்னால் பாட்டுச் சத்தமே கேட்கவில்லை. ஊர் முழுக்க எழுந்து நின்று கத்துகிறது. திடீரென்று பெரிய ஆரவாரம். "புடிச்சாச்சு! புடிச்சாச்சு! திண்டிவனம்!" மேளம்கூட அடித்துவிட்டார்கள். எதிரே எங்கள் ஜனங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குதிக்கத் தயாராகிவிட்டார்கள். அஞ்சலை குலவை போட வாயருகே கையைக் கொண்டுபோய்விட்டாள். "சொல்லுண்ணே, ஜல்தி சொல்லு!"

நான் மரத்தைப் பார்த்தேன்.

ஏழுமலை கண்ணைத் திறந்தான். குப்பன் கால் அப்படியே தொங்கியது. முனியன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எச்சில் துப்பினான். ஊரே ஜெயித்துவிட்டதாகக் கத்துகிறது, ஒரு புளியம்பழம்கூட விழவில்லை.

புனலை எடுத்தேன். சொந்த ஊர், சொந்த முதலாளி, சொந்த ஜனம். எல்லாருடைய காதுக்கும் எதிராகக் கத்தினேன்.

"பாட்டு நிக்கல! கோட்டைத் தொட்டுட்டான்! விழுப்புரம் ஜெயிச்சிடுச்சி!"

மேளம் நின்றது. சத்தம் அடங்கியது. அப்புறம்தான் எல்லாரும் நடுவரைப் பார்த்தார்கள். டிரில் வாத்தியார் அந்த ஆள் குவியலுக்குப் பக்கத்தில் மண்ணில் படுத்து, கோபாலின் வாயருகே காதை வைத்திருந்தார். ஒரு கை விழுப்புரத்துப் பக்கம் உயர்ந்திருந்தது. முன்னமே உயர்ந்துவிட்டதாம், ஊதிய விசில்தான் யாருக்கும் கேட்கவில்லை. குவியலுக்கு அடியிலிருந்து கோபாலின் ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, விரல் நுனி கோட்டின் மேல் இருந்தது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

என் முதுகுக்குப் பின்னால் பெரிய மனிதர்கள் பக்கமிருந்து யாரோ, "துரோகிப் பய" என்றார். அதற்கு மேல் பேச அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. முதலாளி பொடியை இழுத்தார். தும்மினார். அந்தத் தும்மல் மாதிரி ஒரு மங்கள வாத்தியத்தை நான் கேட்டதில்லை.

"வண்டி அவன்துதான்" என்றார்.

கோபால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தான். கீழே நின்று அண்ணாந்து என்னைப் பார்த்தான். "எப்படிய்யா சொன்ன?"

"ஆட்டத்தைப் பாத்துக்கினு இருந்திருந்தா தப்பா சொல்லியிருப்பேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரியவைக்கவும் இல்லை.

அடுத்த ஆட்டம் விழுப்புரத்தில். கோபால் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டான். ரயிலில் போய் இறங்கினேன், கையில் புனல். ஸ்டேஷனுக்கு அவனே வந்திருந்தான். "வாங்க கன்னியப்பன்" என்றான். வாங்க! காதில் விழாததுபோல நின்றேன். அவன் இன்னொரு முறை சொன்னான். அதற்காகத்தான் நின்றேன்.

ஆட்டம் நடக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். சுண்ணாம்பில் கோடு போட்டு, எனக்கென்று ஒரு வண்டியைக் கழுவி, மேலே ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தார்கள். நான் வருவதற்கு முன்னால் கழுவினார்கள் என்பதைக் கவனியுங்கள். இங்கேயும் அந்த ஊர்ச் சேரியைச் சேர்ந்த எங்கள் ஜனங்களை மைதானத்துக்கு வெளியே, ஓர் ஆலமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அங்கேயிருந்து துண்டும் தெரியாது, கோடும் தெரியாது. மரம் அவ்வளவு தூரம்.

"எல்லாம் சரியாங்க?" என்றான் கோபால்.

"சரியில்லீங்க. மரம் தூரமா இருக்குது."

"மரம் எதுக்குங்க?"

"மரம் இல்லாம எனக்குச் சொல்ல வராதுங்க. மரத்துக்கு எதிர்ல கோட்டைப் போட்டாத்தான் சொல்லுவேன். இல்லன்னா அடுத்த ரயிலுக்குப் போறேன்."

அவர்களுக்குள் கூடிப் பேசினார்கள். என்ன பேசினார்களோ தெரியாது. பிறகு நான்கு பேர் தென்னந்துடைப்பம் கொண்டுவந்து, போட்டிருந்த கோட்டை அழித்தார்கள். கோபால் முன்னால் நடந்தான். பெரிய மனிதர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனார்கள். ஆலமரத்துக்கு எதிரே, எங்கள் ஜனங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகச் சுண்ணாம்பைப் போட்டார்கள். மரத்தில் ஆட்கள் ஏறினார்கள். ஆள் எல்லாம் புதுசு. ஆனால் பயத்துக்கும் சந்தோஷத்துக்கும் உடம்பு ஊருக்கு ஊரா மாறும்?

வண்டியில் ஏறினேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். எதிரே எங்கள் ஜனங்கள் வண்டி மறைப்பில்லாமல், கோட்டுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு என் துண்டு தேவைப்படவில்லை. அவர்களே பார்த்தார்கள்.

அப்போதும் நான் இறங்கவில்லை. கடைசிவரை சொன்னேன்.